கரிசல் மண்ணில் ஷட்டில் கோர்ட்: தளம் ஏன் எழும்புகிறது, எப்படி அடக்குவது?

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கமோ, கோவை மாவட்டத்துக் கரிசல் நிலத்திலோ வீட்டுக்குப் பின்னால் ஷட்டில் கோர்ட் போட நினைப்பவருக்கு ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்: "ரெண்டு லோடு மணலைக் கொட்டி, கம்பியை நெருக்கிக் கட்டி, அரையடிக்குக் கான்கிரீட் போட்டுருங்க. அசையாது." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு பாதியும் தவறு. மணல் தளத்தைக் கெடுக்கும். தடித்த கான்கிரீட் அதைக் காப்பாற்றாது. ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் ஓரம் தூக்கியிருக்கும், நடுவே விரிசல் ஓடியிருக்கும். பழி கொத்தனார் மேலும் சிமெண்ட் மேலும் விழும். தவறு பெரும்பாலும் அவர்களிடம் இல்லை, மண்ணுக்குள் நீர் போகும் வழியில் இருக்கிறது.

இங்கே செயற்கைத் தளம் என்பது வெறும் மண்தரை அல்லாத எல்லா விளையாட்டுத் தளத்தையும் குறிக்கும்: கான்கிரீட் மேல் அக்ரிலிக் பூச்சு, ஒன்றோடொன்று கொக்கி மாட்டும் பிளாஸ்டிக் ஓடு, செயற்கைப் புல். மேலே எதைப் போட்டாலும் அடியில் இருக்கும் மண்ணைப் புரிந்துகொள்ளாமல் அது நிலைக்காது.

ஊறவைத்த கடலையும் மழைக்காலக் கதவும்

இரவு ஒரு சொம்பு நிறையக் கொண்டைக்கடலையைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் கடலை சொம்பை விட்டு வெளியே நிற்கும். அதே சொம்பில் கூழாங்கல்லைப் போட்டால் எத்தனை நாள் ஊறினாலும் அப்படியேதான் இருக்கும். ஆற்று மணல் கூழாங்கல் மாதிரி. நீர் மணிகளுக்கு இடையே ஓடுமே தவிர மணியின் அளவு மாறாது. கரிசல் மண் கடலை மாதிரி.

ஆனால் கடலை ஒரு முறைதான் ஊறும். கரிசல் ஆண்டுதோறும் ஊறிக் காயும். அந்த வகையில் பழைய வீட்டு மரக்கதவை நினைத்துக்கொள்வது இன்னும் பொருத்தம். மழைக்காலத்தில் நிலையோடு இறுகிக்கொள்ளும் கதவு, பங்குனி வெயிலில் தளர்ந்து ஆடும். கரிசலும் கார்த்திகையில் வீங்கிச் சித்திரையில் சுருங்குகிறது. கோடையில் கை நுழையும் அளவுக்குக் காட்டில் பாளம் பாளமாக வெடிப்பது அந்தச் சுருக்கம்தான். இப்படி நீரால் வீங்கிச் சுருங்கும் மண்ணைப் பொதுவாக விரிமண் என்பார்கள்.

வெற்றிலைக் கட்டுக்குள் நீர்

கரிசலின் களிமண்ணில் மொண்ட்மொரிலோனைட் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது அதன் அமைப்பு. வெற்றிலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகடுகளை ஒன்றோடொன்று பிடித்திருக்கும் பிடி மிகத் தளர்வானது. ஈரம் வந்ததும் இலைகளுக்கு நடுவே நீர் புகுந்து ஒவ்வொன்றையும் தள்ளி வைக்கிறது. ஓர் இடைவெளி பெருகினால் ஒன்றும் தெரியாது, கோடிக்கணக்கான இடைவெளிகள் ஒரே நேரத்தில் பெருகினால் நிலமே உயர்கிறது. காயும்போது நீர் வெளியேறுகிறது, கட்டு மறுபடி ஒடுங்குகிறது.

இந்தக் கனிமம் சுத்தமாக ஒரு கிராம் இருந்தால், அதன் தகடுகளின் எல்லாப் பக்கங்களையும் விரித்துப் பரப்பினால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். நாம் இங்கே கட்டப்போகும் தளம் 144 சதுர மீட்டர். இந்தக் கனிமத்தின் ஒரே கிராமுக்குள் ஐந்து கோர்ட் அளவுக்கு நீர் ஒட்டும் பரப்பு இருக்கிறது.

இந்த வீக்கமும் சுருக்கமும் எவ்வளவு ஆழம் வரை நடக்கின்றன? மழையும் வெயிலும் எட்டும் வரைதான். அதை இயங்கு ஆழம் என்போம். நம் நாட்டுக் கரிசலில் ஏறக்குறைய 3.5 மீட்டருக்குக் கீழே இந்த அசைவு பெரிதாக இருப்பதில்லை. அதற்கு மேலே உள்ள மண் மூச்சு விடுவது போல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

*இதுவரை:* கரிசல் வலுவில்லாத மண் அல்ல. காய்ந்த கரிசல் கடப்பாரையையே திருப்பி அனுப்பும். அதன் சிக்கல் ஈரம் மாறுவதில் இருக்கிறது. ஈரமாகவே இருந்தாலும் காய்ந்தே இருந்தாலும் அது நகராது. மாறும்போதுதான் நகரும்.

கனமான கான்கிரீட்டால் அமுக்க முடியாதா?

நீர் புகுந்து வீங்கும் மண் தன்னைத் தடுக்கும் பொருள் மேல் செலுத்தும் விசைக்கு வீக்க அழுத்தம் என்று பெயர். கடுமையாக வீங்கும் கரிசலில் இது சதுர மீட்டருக்கு 10 டன்னையும் தாண்டும். 12.5 செ.மீ. தடிமன் கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு 300 கிலோதான். பத்து டன்னை வெறும் எடையால் அமுக்க வேண்டுமானால் கான்கிரீட் நான்கு மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்க வேண்டும். அரையடி, முக்காலடி என்று தடிமனைக் கூட்டுவதில் பயனில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். மாடி வீட்டுச் சுவர் ஓரளவு தாங்கிக்கொள்ளும் இடத்தில் காம்பவுண்டு சுவரும், படிக்கட்டும், திண்ணையும் வெடிப்பது இதனால்தான். எடை குறைந்த கட்டுமானத்தைத்தான் கரிசல் எளிதாகத் தூக்கும். விளையாட்டுத் தளம் அந்த வரிசையில் முதலில் நிற்கிறது.

மேலும், தளம் முழுவதும் ஒரே சீராக இரண்டு செ.மீ. உயர்ந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. ஒரு மூலை மட்டும் இரண்டு செ.மீ. உயர்ந்தால்தான் விரிசல். இதை ஏற்றத்தாழ்வான அசைவு என்போம். இனி வரும் வேலை எல்லாம் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கத்தான்.

தளம் போட்ட பிறகு அடியில் நடப்பது

திறந்த நிலத்தில் மழை நீர் இறங்கும், வெயிலில் ஆவியாகி மேலேறிப் போகும். அதன் மேல் தளம் போட்டதும் நடுப்பகுதிக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஓரத்துக்கு மட்டும் இரண்டும் உண்டு.

மழைக்காலத்தில் தளத்தில் விழும் நீரெல்லாம் ஓரத்தில்தான் கொட்டும். ஒரே நாளில் 5 செ.மீ. மழை பெய்தால் 144 சதுர மீட்டர் தளத்திலிருந்து 7,200 லிட்டர் வழியும். அத்தனையும் ஒரு பக்க ஓரத்தில் இறங்கினால் அந்த ஓரம் வீங்கித் தளம் தட்டுப் போல் குழியும். அடுத்த கோடையில் அதே ஓரம் காய்ந்து சுருங்கிக் கீழே இறங்கும். நடுவிலோ கதை வேறு. ஆழத்திலிருந்து மேலேறும் ஈரம் ஆவியாக வழியில்லாமல் தளத்துக்கு அடியில் மெல்லச் சேரும். சில ஆண்டுகளில் நடுப்பகுதி வீங்கித் தளம் கவிழ்த்த தட்டுப் போல் ஆகும். இரண்டு ஆண்டு நன்றாக இருந்த தளம் மூன்றாம் ஆண்டில் வெடிக்கும்போது எல்லாரும் வியப்பது இதைப் பார்த்துத்தான்.

ஓரத்தில் வேப்ப மரம் நின்றால் அந்தப் பக்கம் இன்னும் கூடுதலாகக் காயும். குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால், ஒழுகும் சம்ப், தென்னைக்கு விடும் சொட்டுநீர்க் குழாய் ஆகியவை நேர் எதிர் வேலையைச் செய்யும், அந்த இடத்தை மட்டும் ஊறவைக்கும்.

மணல் மெத்தை என்னும் தவறு

கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு மணலை நிரப்பினால் மணல் வீங்காதே, அது ஏன் தவறு? மணலுக்குள் நீர் தடையின்றி ஓடும், சுற்றியுள்ள கரிசல் நீரை எளிதில் விடாது. ஆக, நீங்கள் கட்டியது களிமண் சுவர் வைத்த ஒரு தொட்டி. மழை நீர் உள்ளே இறங்கி, போக வழியில்லாமல் நின்று, அடியில் மிச்சமிருக்கும் கரிசலை வாரக்கணக்கில் ஊறவைக்கும். தோண்டாமலே விட்டிருந்தால் அவ்வளவு ஆழத்துக்கு அந்த நீர் போயிருக்காது.

நிரப்பும் மண்ணுக்கு இரண்டு குணம் சேர்ந்து வேண்டும்: வீங்கக்கூடாது, நீரை எளிதில் விடவும் கூடாது. கொஞ்சம் களி கலந்த செம்மண் கிராவல் இதற்குப் பொருந்தும். இதை வீங்கா மண் என்று குறிப்போம். கால்வாய்க் கரைகள் கரிசலில் வெடிப்பதைத் தடுக்க மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி வளர்த்தெடுத்த வழி இது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கால்வாய் வழிகாட்டியிலும் இடம்பெற்றிருக்கிறது. இந்தப் படுகை மேலே இருக்கும் சுறுசுறுப்பான கரிசலின் இடத்தைப் பிடிக்கிறது, நீரைத் தாமதப்படுத்துகிறது, கீழே நடக்கும் அசைவை மேலே வரும்போது சமப்படுத்துகிறது.

*இதுவரை:* எடையாலும் கம்பியாலும் கரிசலை வெல்ல முடியாது. அடியில் வீங்கா மண் போட்டு, ஓரத்தில் ஈரம் ஏறி இறங்காமல் தடுத்தால் போதும்.

உங்கள் மண் எவ்வளவு வீங்கும்?

எல்லாக் கறுப்பு மண்ணும் ஒரே அளவு வீங்காது. முதலில் கடப்பாரையால் 30 செ.மீ., 1 மீட்டர், 1.5 மீட்டர் ஆழத்தில் மண் எடுத்துப் பாருங்கள். 60, 70 செ.மீ.க்குக் கீழே சுக்கானோ சரளையோ வந்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கரிசலை முழுவதும் வாரி எடுத்துவிடலாம், சிக்கல் அங்கேயே தீர்ந்தது. பல இடங்களில் இதைப் பார்க்காமலே செலவு செய்துவிடுகிறார்கள்.

கரிசல் ஆழமாகப் போனால் ஓர் எளிய சோதனை உண்டு. மண்ணை நன்றாகக் காயவைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்துக் கிராமாக இரண்டு பங்கு எடுங்கள். 100 மி.லி. அளவுக் குடுவைகள் இரண்டில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் நிரப்பி, காற்றுக் குமிழி போகும்வரை கலக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெய் தகடுகளுக்கு நடுவே புகாது, ஆகவே அங்கே மண் வீங்காது. அதுதான் ஒப்பிடும் அளவு. மண்ணெண்ணெயில் 10 மி.லி. குறியிலும் தண்ணீரில் 17 மி.லி. குறியிலும் மண் நின்றால் வீக்கம் 70 சதவீதம்.

20 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலை குறைவு. 20 முதல் 35 வரை நடுத்தரம், 35 முதல் 50 வரை அதிகம், 50-க்கு மேல் மிக அதிகம். வீட்டுச் சோதனை திசை காட்டும், அவ்வளவுதான். பணம் போடுமுன் அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் முறைப்படி பார்த்துவிடுங்கள். கொண்டுவரும் கிராவலையும் இதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். செம்மண் நிறத்தில் இருப்பதெல்லாம் வீங்காத மண் அல்ல.

குழியிலிருந்து கான்கிரீட் வரை

இரட்டையர் ஷட்டில் ஆட்டக்களம் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். சுற்றிலும் கால் வைக்க இடம் விட்டால் 16 × 9 மீட்டர் தளம் வேண்டும். நீளவாக்கு வடக்கு-தெற்காக இருக்கட்டும், காலையிலும் மாலையிலும் யார் கண்ணிலும் வெயில் நேராக அடிக்காது. கீழே உள்ள கணக்கு மிக அதிகம் வீங்கும் ஆழமான கரிசலுக்கானது.

தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்கு உகந்தவை. வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் மிதமான ஈரத்தில் இருக்கும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் நிலத்தின் மேல் தளம் போட்டால், மண் முழுக்கச் சுருங்கிய நிலையில் மூடுகிறீர்கள். முதல் மழையிலிருந்து அதற்கு வீங்குவது ஒன்றே வழி. வேறு வாய்ப்பில்லாமல் கோடையில் செய்தால் குழியின் அடியைப் பல நாள் மெல்ல நனைத்து, வெடிப்பு எல்லாம் மூடிய பிறகு தொடருங்கள். சேறாக்கிவிடக் கூடாது.

தளத்தை விட ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் கூட்டி, 18 × 11 மீட்டருக்கு, 65 செ.மீ. ஆழம் பொக்லைனால் தோண்ட வேண்டும். வெளியே வரும் கரிசல் ஏறக்குறைய 45 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி), லோடு ஏற்றும்போது உதிர்ந்து இன்னும் கூடும். நல்ல விளைமண் அது, அருகில் தோட்டம் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். கோர்ட்டின் ஓரத்தில் மட்டும் கொட்டி வைக்காதீர்கள். தோண்டிய குழியை வெயிலில் நாள்கணக்கில் திறந்து போட்டால் அடிமண் காய்ந்து, செய்த கணக்கு தப்பும்.

குழியின் அடியில் 15 செ.மீ. கரிசலை அங்கேயே சுண்ணாம்போடு கலக்க வேண்டும். சுண்ணாம்பிலிருக்கும் கால்சியம் தகடுகளின் மேலிருக்கும் சோடியத்தின் இடத்தைப் பிடித்து, தகடுகளை இறுக்கிச் சேர்த்துவிடும். வழுக்கும் களி பொலபொலவென்று உதிரும் மண்ணாக மாறுவதை மறுநாளே கையில் எடுத்துப் பார்க்கலாம். காய்ந்த மண் எடையில் 4 சதவீதம் என்று வைத்தால் இந்தப் பரப்புக்கு நீற்றிய சுண்ணாம்பு சுமார் 1.7 டன், 25 கிலோ மூட்டையில் 67 அல்லது 68. பரப்பி, டிராக்டர் ரோட்டவேட்டரை இரண்டு மூன்று முறை ஓட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு நாள் மூடி வைத்து, மறுபடி ஓட்டி, ரோலர் போட வேண்டும். சுண்ணாம்புத் தூசி கண்ணையும் தோலையும் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். மண்ணில் ஜிப்சம் படிகங்கள் மின்னினால் ஆய்வகத்தில் கேட்காமல் சுண்ணாம்பு சேர்க்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் புதிதாக ஒரு வீக்கத்தைக் கிளப்பும்.

அதன் மேல் வீங்கா மண் 60 செ.மீ. இறுக்கிய அளவில் 42 யூனிட், லூஸாகக் கொண்டுவரும்போது கிட்டத்தட்ட 55 யூனிட். கனிமவளத் துறையின் நடைச்சீட்டு உள்ள லாரியில் வாங்குங்கள். ஒரேயடியாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேல் முக்காலடிதான் இறுகும், அடி தளர்வாகவே கிடந்து பின்னால் அமுங்கும். 20 செ.மீ. பரப்பி 15 செ.மீ. ஆக இறுக்கி, இப்படி நான்கு படுகை. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது, இடுப்பளவிலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும்.

தளம் வரும் பரப்பில் மட்டும் 10 செ.மீ. வெட் மிக்ஸ், அதாவது ஜல்லியும் கிரஷர் தூளும் ஈரத்தோடு கலந்தது. இதில் நீர் போகுமே என்று கேட்கலாம். இந்த அடுக்கின் பாதி சுற்றுநிலத்துக்கு மேலே நிற்கிறது, தொட்டியாக மாறுமளவு ஆழமில்லை. சரிவை இங்கேயே கொடுத்துவிட வேண்டும்: நூற்றுக்கு ஒன்று, ஒரே பக்கமாக. 9 மீட்டர் அகலத்துக்கு 9 செ.மீ. நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிப்பது ஆட்டத்தைக் கெடுக்கும்.

மேலே 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு, மூட்டில் 20 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறி. அதன் மேல் 12.5 செ.மீ. எம்-20 கான்கிரீட், மொத்தம் 18 கன மீட்டர். ரெடிமிக்ஸ் என்றால் 6 கன மீட்டர் வண்டி மூன்று. சைட்டில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலந்தால் 144 மூட்டை சிமெண்ட், மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். 8 மி.மீ. கம்பி இருபக்கமும் 20 செ.மீ. இடைவெளியில் சுமார் 600 கிலோ. கம்பி தளத்தின் மேல்புறத்திலிருந்து 5 செ.மீ. கீழே, கவர் பிளாக் (கம்பியைத் தாங்கும் சிறு கட்டை) மேல் நிற்க வேண்டும். ஊற்றும்போது மிதித்து அடியில் போய்விட்ட கம்பி விரிசலை இறுக்கிப் பிடிக்காது. இந்தத் தவறு மிகப் பரவலானது, ஊற்றும் நேரம் முழுவதும் ஒருவர் இதை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது தகும்.

கான்கிரீட் காயும்போது தானாகவும் சுருங்கும். அந்த விரிசல் எங்கே வர வேண்டும் என்று நாமே கோடு கிழித்துச் சொல்வதற்குத்தான் சுருக்க மூட்டு. மறுநாளுக்குள் கட்டிங் மெஷினால் 3 செ.மீ. ஆழம் அறுக்க வேண்டும். நீளத்தில் 4 மீட்டருக்கு ஒன்று, அகலத்தில் 3 மீட்டருக்கு ஒன்று. இப்படி அறுத்தால் நடுக்கோடு சரியாக வலைக்கு அடியில் வரும். காய்ந்த பின் மூட்டுகளைச் சிமெண்டால் அடைக்காமல் பாலியூரித்தேன் சீலன்டால் அடையுங்கள். சிமெண்ட் அசைவு தாங்காது, நீருக்கு வழிவிடும்.

தண்ணீர் காட்டும்போதும் கரிசலை மறக்கக்கூடாது. பாத்தி கட்டித் தேக்கிய நீர் வழிந்து ஓரத்தில் இறங்கினால் முதல் வாரத்திலேயே வீக்கத்தைத் தொடங்கி வைக்கிறீர்கள். ஈரச் சாக்கு போட்டு மேலே பாலித்தீன் மூடினால் குறைந்த நீரே போதும். குறைந்தது ஏழு நாள், பத்து நாள் என்றால் இன்னும் நல்லது.

ஓரம்தான் உயிர்

மேலே சொன்ன அத்தனையும் செய்து ஓரத்தை விட்டுவிட்டால் பணம் வீண். குறைவாக வீங்கும் மண்ணில் மேற்சொன்னதில் பாதியே செய்து ஓரத்தை ஒழுங்காகக் கட்டியவர் தளம் நிலைத்துவிடும்.

தளத்தைச் சுற்றி விட்ட ஒரு மீட்டர் அகலத்தில், வீங்கா மண்ணின் மேல் பாலித்தீன் விரித்து, பேவர் கல்லோ சன்னமான கான்கிரீட்டோ வெளிப்பக்கம் சரிவாகப் போடுங்கள். ஓரத்தின் ஈரமாற்றம் தளத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளிப் போய்விடும். அதன் வெளி விளிம்பில் 1.2 மீட்டர் ஆழத்துக்கு ஒடுக்கமான பள்ளம் எடுத்து, 250 மைக்ரான் விரிப்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சுண்ணாம்பு கலந்த மண்ணால் இறுக்கி மூடுங்கள். இந்த ஈரத்திரை பக்கவாட்டில் நீர் புகுவதையும், கோடையில் ஈரம் வெளியேறுவதையும் தடுக்கும். வேரையும் ஓரளவு நிறுத்தும்.

தாழ்ந்த பக்கத்தில் கான்கிரீட் வாய்க்கால் கட்டாயம். மண் வாய்க்கால் கூடாது, அது நீரைக் கொண்டுபோகும் வழியிலேயே குடித்துவிடும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம் என்பதால் பலர் கசிவுக் குழியைக் கோர்ட்டின் மூலையிலேயே வைத்துவிடுகிறார்கள். கரிசலில் அந்தக் குழி நீரை ஆழத்துக்கு அனுப்பாது, சுற்றிலும் ஊறவைத்துத் தளத்தைத் தூக்கும். இங்கே தொட்டியில் சேர்ப்பதே சரி. மரமும் தள்ளியே இருக்க வேண்டும், அது வளரக்கூடிய உயரத்தளவு தூரம் என்று கணக்கு வையுங்கள்.

*இதுவரை:* அடியில் சுண்ணாம்பு கலந்த கரிசல், அதன் மேல் வீங்கா மண், வெட் மிக்ஸ், விரிப்பு, கான்கிரீட். சுற்றிலும் ஒரு மீட்டர் மேடை, அதன் விளிம்பில் ஈரத்திரை, தாழ்வில் வாய்க்கால்.

கம்பங்களை எங்கே ஊன்றுவது

வலைக் கம்பத்தைத் தனிக்குழி தோண்டி ஊன்றினால் தளம் ஒரு விதமாகவும் கம்பம் ஒரு விதமாகவும் அசையும். அடித்தகடு வைத்துத் தளத்தின் மேலேயே போல்ட் போட்டால் இரண்டும் சேர்ந்தே நகரும். வலை உயரம் கம்பத்தில் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். ஏற்றி இறக்கும் வசதியுள்ள கம்பம் வாங்குங்கள்.

விளக்குக் கம்பம் அப்படி முடியாது. குழியில் ஊற்றிய கான்கிரீட்டின் பக்கவாட்டைக் கரிசல் பற்றிக்கொண்டு வீங்கும்போது மேலே இழுக்கும். இதற்கு நம் நாட்டிலேயே வழி கண்டிருக்கிறார்கள்: ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரவச் செய்த, அடியில் குமிழ் போல் அகலும் துளை அடித்தூண். 3.5 மீட்டர் ஆழத்தில், அசையாத மண்ணில் குமிழ் மாட்டிக்கொள்வதால் மேலே இழுக்க வராது. கரிசல் ஊர்களில் வீட்டு அடித்தளத்துக்கு இதைத் துளையிடும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களையே கூப்பிடலாம்.

மேலே எதைப் போடுவது

அக்ரிலிக் பூச்சு ஆட்டத்துக்கு அருமையானது. ஆனால் கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் வந்தாலும் அது மேலே தெரியும். பூசுமுன் 28 நாள் காயவிட்டு, அரை மீட்டர் சதுர பாலித்தீன் துண்டின் நாலு ஓரத்தையும் டேப் ஒட்டி ஒரு நாள் வையுங்கள். அடியில் நீர்த்துளி வேர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு கொப்புளிக்கும். தளத்தை முழுக்க நனைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நாணயத்தின் தடிமனுக்கு மேல், அதாவது 2 மி.மீ.க்கு மேல் நீர் நிற்கும் பள்ளங்களை முதலில் நிரப்பிவிடுங்கள்.

கடுமையான கரிசலில் எங்கள் தேர்வு பிளாஸ்டிக் ஓடுதான். சிறு விரிசலை மூடிக் கடக்கும். பழுது வந்தால் ஓட்டைக் கழற்றித் தளத்தைச் சரிசெய்து மறுபடி மாட்டலாம். வெயிலில் இந்த ஓடு நீளும், ஆகவே சுவரோடோ வேலிக் கம்பத்தோடோ முட்டவிடாமல் சுற்றிலும் 5 செ.மீ. விடுங்கள். விடாவிட்டால் நண்பகலில் நடுவில் கூடாரம் போல் எழும்பும்.

செயற்கைப் புல்லுக்குக் கான்கிரீட் தேவையில்லை, இறுக்கிய வெட் மிக்ஸே போதும், அதனால் விரிசல் என்ற பேச்சே இல்லை. குழந்தைகள் பந்து விளையாட நல்லது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். புல் விரிப்பின் துளைகள் வழியாக மழை நேராக அடிக்குப் போகும். வெட் மிக்ஸுக்கு அடியில் சரிவான பாலித்தீன் விரிப்பும், தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயும் இல்லாமல் கரிசலில் புல் போடாதீர்கள்.

கரிசல் இல்லாத சிக்கல்கள்

தேரி மணலில் வீக்கம் இல்லை, ஓரம் சரிந்து போவதுதான் கவலை. சுற்றிலும் ஒரு சிறு கட்டுச்சுவர் வைத்தால் நிற்கும். உவர் நிலத்தில் உப்பு ஏறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும், அடிவிரிப்பைக் கிழியாமல் போடுவது முக்கியம். தூர்த்த கிணறோ பழைய செங்கல் குழியோ அடியில் இருந்தால் அந்த இடம் பல ஆண்டு அமுங்கிக்கொண்டே இருக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்டுவிட்டு இடம் குறியுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு அளவு

தளம் முடிந்ததும் நாலு மூலையிலும், நடுவிலும், வலைக்கோட்டின் இரு முனைகளிலும் பெயிண்டால் புள்ளி வையுங்கள். அசையாத ஓர் இடத்தை, கிணற்றுச் சுவர் மேலுள்ள ஒரு குறியைப் போல, அடையாளமாகக் கொண்டு, கொத்தனாரின் டியூப் லெவலால் இந்த ஏழு புள்ளிகளின் மட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும். மே மாதக் கடைசியில் ஒரு முறை, டிசம்பர் கடைசியில் ஒரு முறை.

ஓரப் புள்ளிகள் மே, டிசம்பர் என்று ஏறி இறங்கினால் ஓரத்தில் நீர் புகுகிறது. வாய்க்கால் உடைந்திருக்கும், மேடையின் மூட்டு பிளந்திருக்கும், அங்கே பாருங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் உயர்ந்துகொண்டே போனால் அருகில் ஏதோ ஒரு குழாய் ஒழுகுகிறது. ஒரே ஒரு மூலை இறங்கிக்கொண்டே போனால் அந்தப் பக்கத்து மரத்தின் வேர் திரையைத் தாண்டிவிட்டது. நடுப்புள்ளி ஆண்டுக்கு ஓரிரு மி.மீ. உயர்ந்து, மூன்று நான்கு ஆண்டில் நின்றுவிட்டால் அடிமண் தன் ஈரச் சமநிலையை அடைந்துவிட்டது. விரிசலை நிரப்புவதோ புதிய அக்ரிலிக் பூசுவதோ அந்த உயர்வு நின்ற பிறகு செய்தால்தான் பணம் தங்கும்.